கூவாத சேவலும் உடைந்த குரலும்

1812ஆம் ஆண்டு ஜூலை 26. வியன்னா அரண்மனைத் தேவாலயத்தின் பாடகர் குழுவில் இருந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவன், கையிலிருந்த இசைத்தாளில் ஒரு குறிப்பைக் கிறுக்கி வைத்தான். தான் கடைசியாகக் கூவியது இன்றைக்குத்தான் என்று. ஆமாம், சேவல் கூவுமே, அந்தக் கூவல்! பையன் பெயர் ஃப்ரான்ஸ் ஷூபர்ட். பிற்காலத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு இசையமைத்துப் புகழ்பெற்றவர். அன்றைக்கு அவருக்குக் குரல் உடைந்துகொண்டிருந்தது. தன்னைத் தானே கேலி செய்துகொண்டு குழுவிலிருந்து விடைபெற்றுவிட்டார்.

அதே ஊரில் அவருக்கு அறுபத்துச் சொச்சம் ஆண்டு முன்னால் பாடிய ஜோசப் ஹைடன் என்ற இன்னோர் இசைமேதைக்கு இவ்வளவு சுமுகமாக முடியவில்லை. இந்தப் பையன் பாடவில்லை, கூவுகிறான் என்று மகாராணி மரியா தெரசாவே குறைப்பட்டதாக ஒரு கதை உண்டு. 1749 வாக்கில் ஹைடனை வெளியே அனுப்பிவிட்டார்கள். (கூடப் படித்த ஒரு பையனின் குடுமியை அவர் கத்தரித்துவிட்டதும் ஒரு காரணம் என்பார்கள். அதற்குக் குரலைக் குறை சொல்ல முடியாது.)

நம் ஊரிலும் இந்தக் கதை நிறைய நடந்திருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் 'பாய்ஸ் கம்பெனி' என்று நாடகக் குழுக்கள் இருந்தன. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கியதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். ராஜா, ராணி, தோழி, சேடி எல்லாமே பையன்கள். மைக் கிடையாது. கடைசி வரிசை வரை கேட்கும்படி உச்சக் குரலில் பாட வேண்டும். திடீரென ஒருநாள் ராணி வேடம் போட்ட பையனுக்குக் குரல் கரகரக்கும். "பையனுக்கு மகரக்கட்டு உடைஞ்சிருச்சு" என்பார்கள் வாத்தியார்கள். ராணி வேடம் அடுத்த பையனுக்குப் போய்விடும்.

உனக்கு இப்போது பத்தோ பதினொன்றோ பன்னிரண்டோ இருந்தால், இந்த உடைசல் உன் பக்கமும் வந்துகொண்டிருக்கிறது. வகுப்பில் எழுந்து பதில் சொல்லும்போது குரல் கீச்சென்று மேலே போய்த் தொப்பென்று கீழே விழும். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கிறவனுக்கும் ஆறு மாதத்தில் இதே நிலைமைதான்.

உள்ளே என்ன நடக்கிறது? கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்து 'ஆ' என்று சொல்லிப் பார். அதிர்வது குரல்வளை. அதற்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரவைப்பதுதான் குரல். சின்னப் பையனின் குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 250 முறைக்கு மேல் அதிர்கின்றன. வளர்ந்த ஆணுக்கு 100 முதல் 130 முறைதான். வீணையில் நீளமான, தடித்த தந்தி கனத்த ஒலி தருகிறதே, அதே கணக்கு. வளரும் வயதில் ஆண் பிள்ளைகளின் குரல்வளை மளமளவென்று பெரிதாகி, நாண்கள் நீண்டு தடிக்கின்றன. முன்னால் முட்டிக்கொண்டு தெரியும் கழுத்து மேடு அந்தக் குரல்வளையின் குருத்தெலும்புதான். நாண் நீண்டுவிட்டது, ஆனால் அதை இழுத்துப் பிடிக்கும் தசைகளுக்குப் பழைய நீளம்தான் பழக்கம். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அவை கற்றுக்கொள்ளும் வரை குரல் தடம் மாறிக்கொண்டே இருக்கும். சிலருக்கு இரண்டு மூன்று மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரை கூட. பாட்டுக் கற்றுக்கொள்கிறவர்கள் நிறுத்த வேண்டியதில்லை. உச்சத்தில் கத்தாமல், வலிக்காத அளவில் பாடினால் போதும்.

சரி, குரல்வளைக்கு 'இப்போது வளர்' என்று யார் சொன்னது? இதற்குப் பதில் தேடியவர் ஒரு ஜெர்மானியர். தேடிய இடம் கோழிக்கூண்டு.

ஆர்னால்ட் அடால்ஃப் பெர்தோல்ட் என்பவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். காளைக்குக் காயடித்தால் அது சாதுவாகிவிடும் என்பது நம் ஊர் விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். சேவல் குஞ்சின் விந்தகத்தை எடுத்துவிட்டால் அது முழுச் சேவலாக வளராது என்பதும் அங்கே எல்லாருக்கும் தெரியும். கொண்டை சிறுத்துப்போகும், கூவாது, சண்டைக்குப் போகாது. (விந்தகம் என்பது பாடப்புத்தகச் சொல். ஊரில் 'விதை' என்பார்கள். உனக்கும் கால்களுக்கு நடுவே, விதைப்பைக்குள் இரண்டு இருக்கின்றன. சேவலுக்கு அவை வயிற்றுக்குள் இருக்கும்.) ஏன் அப்படி ஆகிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

பெர்தோல்ட் ஆறு சேவல் குஞ்சுகளை எடுத்துக்கொண்டார். இரண்டுக்கு விந்தகங்களை முழுதாக எடுத்துவிட்டார். அவை எதிர்பார்த்தபடி கூவாத சேவல்களாயின. மற்ற நான்குக்கும் விந்தகத்தை இருந்த இடத்திலிருந்து பிரித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விந்தகத்தை மட்டும் வயிற்றுக்குள் விட்டுவைத்தார். இந்த நான்கில் இரண்டுக்கு ஒன்றின் விந்தகத்தை மற்றொன்றுக்கு மாற்றியே வைத்தார்! நான்குமே கொண்டை சிவந்து, நெஞ்சு நிமிர்த்தி, கூவி, சண்டை போட்டன. பிறகு அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விந்தகத்தில் பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை. புது ரத்தக் குழாய்கள் மட்டும் முளைத்திருந்தன. அப்படியானால் விந்தகம் ஏதோ ஒன்றை ரத்தத்தில் கலந்துவிடுகிறது, அது உடல் முழுக்கப் போய்க் கொண்டையையும் குரலையும் மாற்றுகிறது. 1849இல் இதைச் சில பக்கக் கட்டுரையாக எழுதினார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அந்த 'ஏதோ ஒன்று' கையில் சிக்க 1935 வரை ஆனது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கூரின் குழு நூறு கிலோ காளை விந்தகத்தை வாங்கி அரைத்து, வடித்து, சுத்தம் செய்து, கடைசியில் பத்து மில்லிகிராம் படிகத்தை எடுத்தது. நூறு கிலோவுக்குப் பத்து மில்லிகிராம்! அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில் அடால்ஃப் பியூட்டெனாண்ட்டும் லியோபோல்ட் ருசிச்காவும் தனித்தனியே ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இவர்கள் இருவருக்கும் போனது.

ரத்தத்தில் கலந்து, ஓர் உறுப்பிலிருந்து இன்னோர் உறுப்புக்குச் செய்தி கொண்டுபோகும் இப்படிப்பட்ட பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர். வளரும் வயதில் ஒரு பையனின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் இருபது மடங்குக்கு மேல் ஏறுகிறது. அது குரல்வளையில் போய் உட்கார்ந்தால் குரல் மாறுகிறது. தசையில் தோள் அகலமாகிறது. தோலில் எண்ணெய் வழிகிறது. மேலுதட்டில் பூனைமுடி கறுக்கிறது.

விந்தகத்துக்கு உத்தரவு போடுவது மூளை. மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு பகுதி. அது பக்கத்திலேயே தொங்கும் பட்டாணி அளவு பிட்யூட்டரி சுரப்பிக்கு ஒரு ஹார்மோனை அனுப்பும். பிட்யூட்டரி வேறு இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். அவை விந்தகத்தை எழுப்பும். இந்த உத்தரவு தொடர்ந்து ஒழுகாது, விட்டுவிட்டு வரும். பெரியவர்களுக்கு ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு துடிப்பு. உன் வயதில் அது முதலில் தொடங்குவது இரவில், நீ அசந்து தூங்கும்போது. பகலில் எந்த மாற்றமும் தெரியாத ஒரு பையனுக்கு, இரவில் ரத்தப் பரிசோதனை செய்தால் விஷயம் ஆரம்பமாகிவிட்டது தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. நீ இரண்டு மூன்று மாதக் கைக்குழந்தையாக இருந்தபோதே இந்த ஏற்பாடு ஒருமுறை ஓடிப் பார்த்தது. டெஸ்டோஸ்டிரோன் சுரந்தது. ஆறு மாதத்துக்குள் மூளை அதை நிறுத்திப் பல வருடத்துக்குப் பூட்டி வைத்துவிட்டது. ஆக, இது புதிதாக முளைத்த இயந்திரமில்லை. பூட்டு திறக்கிறது, அவ்வளவுதான்.

பூட்டைத் திறப்பது யார்? பல காலம் பிடிபடவில்லை. 1996இல் அமெரிக்காவின் ஹெர்ஷி என்ற ஊரில் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஊர் சாக்லேட்டுக்குப் பேர்போனது. 'கிஸ்ஸஸ்' என்று ஒரு சாக்லேட் அங்கேதான் பிறந்தது. அதனால் மரபணுவுக்குக் 'கிஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து வரும் பொருள் கிஸ்பெப்டின். 2003இல்தான், கிஸ்பெப்டினின் செய்தி மூளையில் எட்டாவிட்டால் வளரிளம் பருவமே தொடங்காது என்று தெரிந்தது. சாக்லேட் பேர் கொண்ட பொருள்தான் உனக்கு மீசையைக் கொண்டுவருகிறது. சிரித்துக்கொள், பரவாயில்லை.

அடுத்து, எல்லாப் பையன்களும் மனதுக்குள் கேட்டு வாய்விட்டுக் கேட்காத கேள்வி. 'அவனுக்கு வந்துவிட்டது, எனக்கு ஏன் இன்னும் வரவில்லை?' அல்லது 'எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம்?'

ஆண் பிள்ளைகளுக்கு இந்த மாற்றங்கள் ஒன்பது வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். ஐந்து வருட இடைவெளி! ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் இருப்பவன் நாலாம் வகுப்புப் பையன் மாதிரி இருப்பான். இருவருமே சரியான நேரத்தில்தான் இருக்கிறார்கள். அப்பாவுக்கோ மாமாவுக்கோ தாமதமாக வந்திருந்தால் உனக்கும் தாமதமாக வர வாய்ப்பு அதிகம். வீட்டில் பழைய பள்ளி போட்டோ இருந்தால் எடுத்துப் பார். ஒன்பது வயதுக்கு முன்பே தொடங்கிவிட்டாலோ, பதினான்கு முடிந்தும் ஓர் அறிகுறியும் இல்லாவிட்டாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. பெரும்பாலும் 'பொறுத்திரு' என்றுதான் சொல்வார்.

எப்போது தொடங்குகிறது என்பதில் சாப்பாட்டுக்கும் பங்குண்டு. இதைத் தெரிந்துகொள்ள உதவியவர்களும் பாடகச் சிறுவர்கள்தான். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பாக் என்ற இசைமேதை ஒரு சிறுவர் பாடகர் குழுவை நடத்தினார். எந்தப் பையன் எந்த ஆண்டு உயர்ந்த குரலில் பாடினான், எப்போது கீழ்க்குரலுக்கு மாறினான் என்ற விவரங்கள் 1727 முதல் 1749 வரைக்கும் கிடைக்கின்றன. அவற்றைக் கணக்குப் பார்த்தால் அன்றைக்குப் பையன்களுக்குப் பதினாறு பதினேழு வயதில்தான் குரல் உடைந்திருக்கிறது. போர் நடந்து உணவுத் தட்டுப்பாடு வந்த காலத்தில் இன்னும் தள்ளிப்போயிருக்கிறது. நம் காலத்தில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பாட்டுப் பள்ளியில் 1994 முதல் 2003 வரை பார்த்தபோது சராசரி பதினான்கு. நோய் குறைந்து, வயிறு நிறைந்தால் உடம்பு வளர்ச்சி வேலையைச் சீக்கிரம் கையில் எடுக்கிறது. பாட்டு வாத்தியார்கள் எழுதிவைத்த வருகைப் பதிவேடு இப்படி மருத்துவத்துக்குப் பயன்படும் என்று பாக் நினைத்திருக்க மாட்டார்.

பெண் பிள்ளைகளுக்கு இது ஒன்றிரண்டு வருடம் முன்னாலேயே தொடங்கிவிடும். ஆறாம், ஏழாம் வகுப்பில் பையன்களைவிட அவர்கள் உயரமாகத் தெரிவது இதனால்தான். அவர்களுக்காவது நம் ஊரில் சடங்கு, தாய்மாமன் சீர், புட்டு, உளுந்தங்களி என்று ஊரைக் கூட்டிவிடுகிறார்கள். அதில் பாதிப் பேருக்கு அது தர்மசங்கடம், அது வேறு கதை. பையன்களிடமோ யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அப்பா வாய் திறக்க மாட்டார். உயிரியல் வாத்தியார் அந்தப் பாடத்தை 'நீங்களே படிச்சுக்குங்க' என்று தாண்டிவிடுவார். கடைசியில் பையன்களுக்குத் தகவல் தருவது ஒன்பதாம் வகுப்பு அண்ணன்கள். அவர்கள் சொல்வதில் முக்கால்வாசி தப்பு.

எடுத்துக்காட்டாக, சவரம் செய்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பது. 1928இல் மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் இதைச் சோதித்துப் பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார். முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, பிளேடு மேலே ஓடுகிறது. வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் தொட்டால் சொரசொரவென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அண்ணனின் பிளேடை எடுத்துச் சவரம் செய்யாதே; ரத்தம் வழியாகப் பரவும் நோய்கள் உண்டு.

வியர்வைக்கு வருவோம். அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஒருவகை வியர்வைச் சுரப்பிகள் இத்தனை நாள் சும்மா இருந்தன. இப்போது வேலை செய்யத் தொடங்குகின்றன. அவற்றிலிருந்து வரும் வியர்வைக்குத் தனியாக வாடை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சாப்பிட்டுவிட்டு வெளியிடுவதுதான் நாற்றம். வாசனை ஸ்ப்ரேயை மேலே அடித்தால் இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் வரும். பேருந்தில் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் சொல்வார். விளையாடி வந்ததும் சோப்புப் போட்டுக் குளி. உள்ளாடையும் காலுறையும் தினமும் மாற்று. துவைத்த பருத்தித் துணியாக இருந்தால் நம் ஊர் வெயிலுக்கு நல்லது. ஆண்குறியை வெறும் தண்ணீரால் மென்மையாகக் கழுவினால் போதும். முன்தோல் தானாக நகரும் அளவுக்கு மட்டும் நகர்த்து, பலவந்தமாக இழுக்காதே.

பரு அழுக்கினால் வருவதில்லை. தோல் எண்ணெய் கூடுதலாகச் சுரந்து, துளை அடைபட்டு, உள்ளே கிருமி பெருகுவதால் வருகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை முகம் கழுவலாம், பத்து முறை தேய்க்க வேண்டாம். கிள்ளினால் தழும்பு. பற்பசை தடவினால் எரிச்சல். சிவப்பழகுக்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசும் சில கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் முகம் பளிச்சென்று இருக்கும், பிறகு பரு பத்து மடங்காகத் திரும்பி வரும். மருத்துவர் எழுதித் தராத எதையும் முகத்தில் பூசாதே.

இனி, பையன்கள் யாரிடமும் சொல்லாமல் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு திரியும் ஒரு விஷயம். மார்க்காம்பின் அடியில் சின்னக் கட்டிபோலத் தட்டுப்படும், தொட்டால் வலிக்கும், மார்பு லேசாக எழும்பும். இதனால் கபடி ஆட சட்டையைக் கழற்ற மறுக்கும் பையன்கள் உண்டு, நீச்சலை விட்டவர்கள் உண்டு. வளரும் வயதில் ஏறத்தாழ பாதிப் பையன்களுக்கு இது வருகிறது. ஆண் உடலிலும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் இருக்கும். சில மாதங்களுக்கு இரண்டு ஹார்மோன்களின் விகிதம் முன்பின்னாக இருப்பதன் விளைவு இது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். கேலி செய்கிறவனுக்கும் சட்டைக்குள் அதே இருக்கலாம், யார் கண்டார்?

விந்தகம் ஹார்மோனோடு நிற்பதில்லை. விந்தணுக்களையும் உருவாக்கத் தொடங்குகிறது. பதின்மூன்று பதினான்கு வயதில், சிலருக்கு முன்னதாகவோ பின்னதாகவோ, ஒருநாள் காலையில் எழுந்தால் உள்ளாடையில் பிசுபிசுப்பாக ஈரம் இருக்கும். சிறுநீர் இல்லை. தூக்கத்தில் விந்து வெளியேறியிருக்கிறது. உடம்பு சரியாக வேலை செய்கிறது என்பதற்கு மேல் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. கழுவிக்கொண்டு, துணியை அலசிப் போட்டுவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பு. சிலருக்கு இது வராமலே இருக்கும், அதுவும் சரிதான்.

இந்தச் சின்ன விஷயத்தை வைத்துப் பெரிய வியாபாரம் நடக்கிறது. ராத்திரி டிவியில், சுவரொட்டியில், ஊர் ஊராக லாட்ஜில் அறை போட்டு உட்காரும் வைத்தியர்களிடம். 'ஒரு சொட்டுக்கு இத்தனை சொட்டு ரத்தம் போச்சு, நரம்புத் தளர்ச்சி வந்துவிடும்' என்பார்கள். முழுப் பொய். விந்து ரத்தத்தைக் காய்ச்சி இறக்கியது இல்லை. சில சுரப்பிகளின் நீரும் விந்தணுக்களும் சேர்ந்தது, மொத்தமே சில மில்லிலிட்டர். உடம்பு அதைத் தினமும் தயாரித்துக்கொண்டே இருக்கும். இந்தப் பயத்தால் இளைத்து, தூக்கம் கெட்டு வந்த இளைஞர்களைப் பார்த்துத்தான் என். என். விக் என்ற இந்திய மனநல மருத்துவர் 1960இல் இந்தப் பயத்துக்கே ஒரு நோய்ப் பெயர் வைத்தார். 'தாது' போகிறது என்ற கவலை அது. இப்படிப் பயமுறுத்தி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954இலிருந்தே இந்தியாவில் சட்டம் இருக்கிறது. சுவரொட்டிகள்தான் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

வெட்கப்பட்டுச் சும்மா இருக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. விதைப்பையில் திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால், கூடவே வாந்தி வந்தால், உடனே வீட்டில் சொல். நடுராத்திரியாக இருந்தாலும் எழுப்பிச் சொல். விந்தகம் தன் ரத்தக் குழாயோடு முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், தாமதித்தால் அந்த விந்தகத்தையே எடுக்க வேண்டி வரும். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதில்தான் இது அதிகம் வருகிறது. 'அங்கே வலிக்குதுன்னு அம்மாகிட்ட எப்படிச் சொல்றது' என்று காலை வரை பொறுப்பதால் கெட்டுப்போவது உண்டு. 'அம்மா, விதையில வலிக்குது' என்று மூன்று வார்த்தை போதும். ஒன்று கொஞ்சம் மேலேயும் மற்றது கொஞ்சம் கீழேயும் தொங்குவது எல்லாருக்கும் இயல்பு, அதற்குப் பயப்படாதே. கிரிக்கெட் பந்து கார்க் என்றால் கார்டு போடாமல் இறங்காதே.

அதேபோல, மருத்துவர் உன் பெற்றோர் முன்னால் பார்ப்பது தவிர, வேறு யாரும் அந்த இடத்தைத் தொடவோ, காட்டச் சொல்லவோ, போட்டோ எடுக்கவோ கூடாது. மாமா, வாத்தியார், பெரிய அண்ணன், யாராக இருந்தாலும். அப்படி நடந்தால் தப்பு உன்னுடையது இல்லை. வீட்டில் சொல். முடியாவிட்டால் 1098 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். குழந்தைகளுக்கென்றே இருக்கும் எண் அது.

மனசும் சேர்ந்து ஆடும். காரணமில்லாமல் கோபம் வரும், கதவை அறைந்து சாத்தத் தோன்றும், அரை மணியில் சரியாகிவிடும். இரவில் தூக்கம் தாமதமாக வருவதும் முழுக்கச் சோம்பேறித்தனம் இல்லை. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் இந்த வயதில் தாமதமாகவே சுரக்கிறது. அதற்காகப் போனைப் பார்த்துக்கொண்டு படுக்கலாம் என்று அர்த்தமில்லை. பதின்மூன்று வயதுக்கு மேல் எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், அதற்கு முன் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான்.

வளர்ச்சி என்றதும் உயரம் ஞாபகம் வருகிறது. பையன்கள் அதிகம் கவலைப்படுவதும் அதற்குத்தான்.

பிரான்சில் மாண்ட்பெய்யார் என்ற பிரபு ஒருவர் இருந்தார். 1759இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை மகனை நிற்கவைத்து உயரத்தை அளந்து குறித்துக்கொண்டே வந்தார், 1777 வரை. பதினெட்டு ஆண்டு! ஒரே பிள்ளையின் வளர்ச்சியைப் பிறந்ததிலிருந்து பெரியவனாகும் வரை தொடர்ந்து அளந்த முதல் பதிவு அதுதான் என்கிறார்கள். இயற்கை அறிஞர் பஃபான் அதைத் தன் நூலில் வெளியிட்டார். அந்த எண்களை வரைபடமாக்கினால் வேடிக்கையாக இருக்கும். சின்ன வயதில் வேகம் குறைந்துகொண்டே வருகிறது, பத்துப் பன்னிரண்டில் வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு நிதானமாகிறது, பதினான்கு வயது வாக்கில் திடீரென்று செங்குத்தாக ஏறி வருடத்துக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டரைத் தொடுகிறது. பிறகு சரசரவென்று இறங்கி நின்றுவிடுகிறது. அந்தப் பையனைப் போலவே இன்றைய பையன்களுக்கும் அந்த மேடு வருகிறது. சராசரியாக உச்ச வருடத்தில் ஒன்பது பத்து சென்டிமீட்டர்.

முதலில் பெரிதாவது பாதமும் கையும். பிறகு கால் நீளும், கடைசியாகத்தான் முண்டம். ஜூனில் வாங்கிய பள்ளி ஷூ தீபாவளிக்குக் கடித்தால் அம்மாவிடம் இதைச் சொல். இந்த ஒழுங்கில்லாத வளர்ச்சியால் சில மாதம் மேசையில் இடித்துக்கொள்வாய், டம்ளரைத் தட்டிவிடுவாய். மூளைக்குப் புதிய நீளம் இன்னும் பழகவில்லை. எலும்பின் முனைகளில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டுகளில்தான் நீளம் கூடுகிறது. அவை மூடிக்கொண்டதும் உயரம் நின்றுவிடும். மூடச் சொல்வது ஈஸ்ட்ரோஜன், ஆண்களுக்கும்! டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடம்பே ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. சீக்கிரம் வளர ஆரம்பித்தவனுக்குச் சீக்கிரம் மூடும். தாமதமாகத் தொடங்கிய குட்டைப் பையன் பதினேழு வயதில் அவனை எட்டிப்பிடிப்பதும் தாண்டுவதும் இதனால்தான்.

உயரமாக்கும் பவுடர் என்று டப்பாவில் விற்பதால் இந்தத் தட்டுகள் ஒரு நாள்கூடக் கூடுதலாகத் திறந்திருக்காது. பன்னிரண்டு வயதில் புரோட்டீன் டப்பாவும் தேவையில்லை. முட்டை, பருப்பு, பால், மீன், கேழ்வரகு, கீரை போதும். பள்ளியில் வாரத்துக்கு ஒருமுறை தரும் நீல இரும்புச்சத்து மாத்திரையை 'அது பொண்ணுங்களுக்கு' என்று பையன்கள் ஜன்னல் வழியே எறிவதைப் பார்த்திருக்கிறேன். தசையும் ரத்தமும் கூடும் வயதில் இரும்பு உனக்கும் வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் வயிற்றைப் புரட்டாது.

மாண்ட்பெய்யார் செய்ததை நீயும் செய்யலாம், செலவு ஒரு பென்சில்தான். செருப்பில்லாமல் குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரில் படும்படி நில். நேராகப் பார். தலைமேல் தடித்த புத்தகம் ஒன்றைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து இன்னொருவரைக் கோடு போடச் சொல், பக்கத்தில் தேதி எழுது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். அளப்பது எப்போதும் காலையில் எழுந்ததும் இருக்கட்டும். பகல் முழுக்க நிற்பதில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் அமுங்கி, சாயங்காலம் எல்லாரும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்திருப்பார்கள், உன் அப்பாவும் சேர்த்து.